வெளிச்சம் இல்லாமல் அளந்த ஒளிவேகம்

வானொலி அலை, எக்ஸ் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, எதுவானாலும் வெற்றிடத்தில் ஒரே வேகம்தான். நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். தேர்வுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்யும் எண். ஆனால் ஒளியும் ஒரு மின்காந்த அலை என்ற சந்தேகத்தைக் கிளப்பியதே இந்த எண்தான் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை.

1849-ல் பிரான்சில் ஃபிஸோ, சுழலும் பல்சக்கரத்தின் இடுக்கு வழியாக ஒளியை அனுப்பி, 8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பவைத்து அதன் வேகத்தை அளந்தார். கிடைத்தது நொடிக்கு சுமார் 3,15,000 கி.மீ.

ஜெர்மனியில் வேபர், கோல்ராவுஷ் இருவருக்கும் ஒளியைப் பற்றிக் கவலையே இல்லை. மின்னூட்டத்தை இரண்டு விதமாக அளக்கலாம். அசையாமல் இருக்கும்போது அது காட்டும் விசையை வைத்து அளக்கலாம். மின்னோட்டமாக ஓடும்போது உண்டாகும் காந்த விளைவை வைத்தும் அளக்கலாம். இந்த இரண்டு அலகுகளுக்கும் உள்ள விகிதம்தான் அவர்களுக்கு வேண்டும். லைடன் ஜாடி (இன்றைய மின்தேக்கியின் தாத்தா!) ஒன்றில் மின்னூட்டத்தைச் சேர்த்து அளந்தார்கள். பிறகு அதை கால்வனாமீட்டர் வழியாக வெளியேற்றி, முள் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள். 1856-ல் முடிவு வெளிவந்தது. அந்த விகிதம் வெறும் எண்ணாக இல்லை, ஒரு வேகமாக இருந்தது: நொடிக்கு 3,10,740 கி.மீ.

உடனே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? வேபர் தன் சமன்பாட்டில் பயன்படுத்திய மாறிலி இதைப்போல 2-ன் வர்க்கமூலம் மடங்கு பெரியது, சுமார் 4,39,000. ஒற்றுமை அதற்குள் மறைந்துகொண்டது. 1857-ல் கிர்க்காஃப், மின்தடையே இல்லாத கம்பியில் மின்னலை ஒளியின் வேகத்தில் போகும் என்று கணக்கிட்டார். ஆனாலும் ஒளியே அப்படிப்பட்ட அலையாக இருக்கலாம் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. கோல்ராவுஷ் 1858-ல் இறந்துவிட்டார்.

1861-ல் மாக்ஸ்வெல் ஸ்காட்லாந்தில் தன் கிராமத்து வீட்டில் இருந்தபடி, மின்சார, காந்த விளைவுகளைக் கடத்தும் ஊடகத்தில் குறுக்கலை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு ஒரு வாய்பாட்டை வருவித்தார். வேபரின் எண்ணை அப்போது அவர் பார்த்திருக்கவில்லை. பார்த்ததும் அக்டோபரில் ஃபாரடேக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வேகங்களுக்கும் வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான்!

வேடிக்கை என்னவென்றால் இரண்டு அளவுமே தவறு. சரியானது 2,99,792 கி.மீ. இரண்டும் ஒரே பக்கமாகத் தவறியதால்தான் பொருத்தம் அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தது. 1862-ல் ஃபூக்கோ 2,98,000 என்று அளந்தபோது இடைவெளி 4 சதவீதமாக விரிந்தது. மாக்ஸ்வெல் அசரவில்லை.

அப்படிப்பட்ட அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஹெர்ட்ஸ், 1887-88-ல். மாக்ஸ்வெல் 1879-லேயே, 48 வயதில், இறந்திருந்தார்.