விழவும் கற்போம்!

கடனில் விழுந்தான், குழியில் விழுந்தான், கண்டவர் காலில் விழுந்தான் - விழுதல் என்னும் சொல் நம் நாவில் புழங்கும் வகையெல்லாம் இவைதாம். வீழ்ந்தவனை ஏளனம் செய்ய நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வீழ்த்தியவனைப் புகழப் பட்டங்களுக்கும் பஞ்சமில்லை. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ எனப் பட்டம் பூண்டான். அந்தப் பட்டத்தின் பெயரால் கடற்கரையில் ஒரு பட்டினமே இன்றும் நிற்கிறது. மல்லன் ஒருவன் மாமல்லன் ஆக வேண்டுமென்றால், களத்தில் அவனோடு மோதி மண்ணில் விழுந்தவர் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்! அவர்கள் எப்படி விழுந்தனர், எப்படி எழுந்தனர் என்று எவரேனும் கேட்டதுண்டா?

நானும் கேட்டதில்லை, தோழர்களே! விழுவது வெட்கம், விழாதிருப்பதே வீரம் என்று எண்ணி வாழ்ந்தவன்தான் நானும். நாற்பத்திரண்டாம் வயதில், ஒரு பனியன் கம்பெனியின் மாடிப்படி எனக்கு வேறு பாடம் சொல்லிற்று.

திருப்பூர் நகரை ஒட்டி, ஊத்துக்குளிச் சாலையில் இருப்பது எங்கள் மண்ணரை. தேனியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் தோளோடு தோள் உரசி வாழும் இடம். பனியனுக்குக் கை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் டைலர் நான். ஒன்றரை ஷிப்ட் முடிந்த இரவில், துணிப் பண்டலைத் தோளில் சுமந்து படியிறங்கினேன். கைப்பிடி இல்லாத படி. எவரோ சிந்திய தண்ணீர். கால் வழுக்கிற்று. வலக்கையை நீட்டித் தரையில் ஊன்றினேன். ‘மளுக்’கென்று ஓர் ஓசை, மணிக்கட்டு முறிந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்கோ பீஸ் ரேட் - தைத்தால் காசு, தைக்காவிட்டால் ஏது காசு? வீட்டிற்கு ஆறுதல் சொல்ல வந்தோர்க்கும் குறைவில்லை, அவர்கள் சொன்ன காரணத்திற்கும் குறைவில்லை. ‘சனி பார்வைங்க, எள் விளக்குப் போடுங்க’ என்றார் ஒருவர். ‘கண்ணேறு பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள்’ என்றார் மற்றொருவர். எனக்குத் தெரிந்த சனி, வாரக்கூலி தரும் சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனியோ ஆறு வாரம் என் வீட்டை எட்டிப் பார்க்கவே இல்லை!

ஆண்டுதோறும் உலகெங்கும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மடிகின்றனர் என்று 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். சனிக்கு ஏழை நாடுகளின்மீது மட்டும் ஏன் இந்தத் தனிப்பற்று? பார்வை சனியினுடையதா, பாதுகாப்பற்ற படிகளுடையதா?

காரணம் கண்டு சொன்னவள் என் மகள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. மாலைவேளைகளில் ஜூடோ பயில்பவள்.

“அப்பா, விழும்போது கையையா ஊன்றினீர்கள்?”

“வேறென்னம்மா செய்வது?”

“அதுதான் தவறு. முதல் மாதம் முழுவதும் எங்களுக்கு அதைத்தான் சொல்லித் தந்தார்கள் அப்பா, எப்படி விழுவது என்று.”

சிரித்தேன். விழுவதற்கும் ஒரு வகுப்பா? கட்டுப் பிரித்த பிறகு, பார்த்துத்தான் வருவோமே என்று ஒருநாள் அவளுடன் சென்றேன்.

தகரக் கூரை வேய்ந்த கூடம். தரை முழுதும் தடித்த விரிப்பு. சொல்லித் தருபவர் இருபத்தெட்டு வயது நிரம்பாத ஒரு பெண். பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிர் நின்று குனிந்து வணங்கினர். ஆசிரியையின் காலில் எவரும் விழவில்லை! நம் நாட்டில் குழந்தைக்குக் கற்பிக்கும் விழுதல் ஒன்றே ஒன்று, காலில் விழுதல். விழுந்தவனை விழுந்தபடியே வைத்திருப்பது அது. இங்கே கண்டதோ, எழுவதற்காக விழும் விழுதல். இவன் சட்டையை அவன் பற்றுகிறான். இவன் வியர்வை அவன்மேல் படுகிறது. நீ எந்தத் தெரு, உன் குலம் யாது என்று கேட்கும் நேரம் அங்கே இல்லை.

ஜிகோரோ கானோ என்னும் ஜப்பானியப் பேராசான் 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயிலின் சிறு கூடத்தில், பன்னிரண்டு பாய்களின்மேல் தொடங்கிய கலை ஜூடோ. 1964-இல் அது ஒலிம்பிக் போட்டிகளில் இடம் பெற்றது. 2024-இல் பாரிசில், பார்வைக் குறைபாடுடையோர்க்கான ஜூடோவில் நம் நாட்டின் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. இத்தனை புகழ் பெற்ற கலையின் முதற்பாடம் எறிவதன்று, அடிப்பதன்று. விழுவது! ‘உகேமி’ என்பது அதன் பெயர்.

அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பின்னே, பக்கவாட்டில், முன்னே, உருண்டு என விழும் வகை நான்கு. பின்னே விழும்போது இடைக் கச்சையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மோவாய் மார்பை நெருங்கும், பின்மண்டை தரையில் மோதாது. மூச்சை அடக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். கையை ஊன்றாமல், முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை பரப்பி விரிப்பை அறைய வேண்டும். உடலின் முழுச்சுமையும் ஒரே புள்ளியில் இறங்கினால் எலும்பு முறியும். அகன்ற பரப்பில் பரவினால் உடல் தாங்கும். உருண்டு நேரத்தை நீட்டினால் மோதலின் கடுமை இன்னும் தணியும். இது இயற்பியல்! நீட்டிய கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக் கொள்பவர்களைப் பற்றி ஆபிரகாம் கோலிசு என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814-இலேயே எழுதினார். எனக்கு நேர்ந்தது அதுவேதான். என் தலையெழுத்தென்று ஊரார் சொன்னது, மருத்துவ நூலில் இருநூறு ஆண்டுகளாக அச்செழுத்தாக இருந்திருக்கிறது!

மருத்துவரின் ஒப்புதல் பெற்று நானும் சேர்ந்தேன். குந்தி அமர்ந்தபடி விழுதல். பின்னர் நின்றபடி விழுதல். முதல் வாரங்களில் உடல் அஞ்சியது; கை தானாகவே தரையைத் தேடி நீண்டது. விழ அஞ்சுகிறவன் உடலை இறுக்குகிறான்; இறுகிய உடலே எளிதில் உடைகிறது. நூறு முறை விழுந்த பின் ஓர் உண்மை புலப்பட்டது. அச்சம் போனது வீரம் வந்ததால் அன்று, அறிவு வந்ததால்.

ஆனால், தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுவன்று. நான் விழுந்த கதையைவிட, விழச்செய்த கதையே பெரிது.

ஐந்தாம் மாதம். எறியப் பழகும் வேளை. எனக்கு இணையாக நின்றவன் பதினாறு வயதுப் பையன், சேர்ந்து மூன்று வாரமே ஆனவன். பிடித்தேன், இடுப்பில் ஏற்றினேன், எறிந்தேன். நாற்பதைத் தாண்டியவனால் இது முடிந்ததே என்ற களிப்பில், பற்றியிருந்த சட்டைக்கையை விட்டுவிட்டேன். அவன் தோள் முதலில் இறங்கிற்று; அடுத்துத் தலை விரிப்பில் மோதிற்று. எழுந்து உட்கார்ந்தான். கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் பார்க்கவில்லை. ஆசிரியை பயிற்சியை நிறுத்தினார். பெற்றோரை வரவழைத்து மருத்துவரிடம் அனுப்பி வைத்தார். பிறகு என்னிடம் வந்தார். அவர் குரலில் சினம் இல்லை.

“அண்ணா, அவனை எறிந்தது தவறில்லை. கைவிட்டதுதான் தவறு.”

கைவிட்டது! அந்தச் சொல்லின் முழுப் பொருளும் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. எறிகிறவன், எறியப்படுகிறவனின் சட்டைக்கையைக் கடைசி வரை விடக்கூடாது. விழும் நொடியில் மேல்நோக்கிச் சற்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிதான் வீழ்பவன் தலையைக் காக்கிறது. விழுவோன் கற்றது பாதிக் கலை. வீழ்த்துவோன் கைவிடாதிருப்பதே மறுபாதி. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கை தைக்கும் நான், ஒரே ஒரு கையைப் பிடித்திருக்க மறந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. இரண்டு நாள் கழித்து அவன் நலமென்று செய்தி வந்த பிறகே சோறு இறங்கிற்று.

அச்சம் வீணன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983-க்கும் 2011-க்கும் இடையே பள்ளிகளில் ஜூடோ பயிலுகையில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டிருக்கின்றனர். பெரும்பாலும் தலையில் பட்ட அடியால், அவர்களிலும் பலர் புதிதாய்ச் சேர்ந்தவர்கள். பிள்ளையை இழந்த பெற்றோர் ‘ஊழ்’ என்று ஓய்ந்திருக்கவில்லை, ஒன்றுகூடிக் கேட்டனர். கேட்ட பின்னரே பயிற்சி நெறிகள் திருத்தப்பட்டன. விழத் தெரியாதவனை எறிவது வீரமன்று, கொடுமை!

இப்போது என் மாடிப்படிக்குத் திரும்புகிறேன். விழும் கலை எனக்குத் தெரிந்திருந்தால் மணிக்கட்டு தப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் படியில் கைப்பிடி ஏன் இல்லை? தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இலேயே வந்தது. பணியில் காயமுற்றோர்க்கு வேலை செய்ய இயலாத நாள்களுக்குக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்க அது வழி செய்தது. என் பெயர் ஏன் அந்த ஏட்டில் இல்லை? மற்போர்க் களத்தில்கூட மண்ணைக் கிளறி மென்மையாக்கிய பின்னரே மல்லர்கள் இறங்குவர். தொழிற்களத்தில் மட்டும் வெறுந்தரையா?

2011 சனவரியில், கழிவு நீரை வெளியேற்றிய சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நொய்யலைக் காக்க வந்த அந்த ஆணையைக் குறை சொல்வோமா? மாட்டோம். ஆனால் ஆற்றைக் கெடுத்தவர் வேறு, அன்று வேலையிழந்து விழுந்தவர் வேறு! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோதும், எங்கோ இட்ட கையெழுத்தின் அதிர்ச்சி இங்கே பீஸ் ரேட்டுக்காரன் தலையில் இறங்கிற்று. எறியும் கைகள் எப்போதும் இருக்கின்றன. சட்டைக்கையைப் பிடித்திருக்கும் கை எங்கே?

பையன் நலமென்று அறிந்த வாரமே, எங்கள் கம்பெனியில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சென்று கேட்டோம், படிக்குக் கைப்பிடி, ஆளுக்கொரு காப்பீட்டு அட்டை. கைப்பிடி ஒரு மாதத்தில் வந்தது. அட்டை ஐவருக்கு வந்திருக்கிறது. மற்ற எழுவருக்கு இன்னும் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது என்பதற்காக நான் அந்த எழுவரை விட்டுவிட முடியுமா? கைவிடுதல் என்றால் என்னவென்று கற்றவனாயிற்றே!

விழுவது இழிவன்று. 1932 சனவரியில் தடியடிபட்டு இதே திருப்பூர் மண்ணில் விழுந்த குமரனை, ‘விழுந்தவன்’ என்றா ஊர் பேசுகிறது?

சென்ற ஞாயிறன்று என் மகள் என்னை எறிந்தாள். கச்சை முடிச்சைப் பார்த்தேன், மூச்சை விட்டேன், கை விரிப்பை அறைந்தது. அண்ணாந்து பார்க்கிறேன். என் சட்டைக்கை இன்னும் அவள் பிடியில்! “எழுங்கள் அப்பா” என்றாள். எழுந்தேன்.

தோழர்களே! விழக் கற்போம். வீழ்ந்தவரைக் கைவிடாதிருக்கவும் கற்போம்!