செத்தாரா, இருக்காரா?

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஆயிரம் பேரில், ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? கேள்வி சுலபம்தான். ஆனால், செத்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவதில்லை. பிழைத்தவர்களும் 'நலம்' என்று கார்டு போடுவதில்லை. எனவே நோயாளிப் பட்டியலையும் மரணப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பொருத்திப் பார்க்கிறார்கள். 'ரெக்கார்ட் லிங்கேஜ்' என்பார்கள்.

1951-ல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் சிகரெட்டை ஆராய, பிரிட்டிஷ் டாக்டர்களாகப் பார்த்துக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். ஏன் டாக்டர்கள்? அவர்கள் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இருக்கிறது, லேசில் தொலைந்துபோக மாட்டார்கள். 1954-ல் வந்த முதல் அறிக்கையில் 789 மரணங்கள். அவற்றில் 36 நுரையீரல் புற்று. சிகரெட் கம்பெனிகளுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

டென்மார்க்கில் 1968-லிருந்து ஆளுக்கொரு எண் இருப்பதால் வேலை சுலபம். நம்மிடமும் ஆதார் இருக்கிறதே என்பீர்கள். பழைய ஃபைல்களில் ஏது? பெயர்தான் கதி.

அங்கேதான் வம்பு. ஒரே ஒலியுள்ள பெயர்களைச் சேர்க்க 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு முறை. உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு, மெய்களுக்கு எண் கொடுக்கும். முருகனை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதினாலும் 'கே' போட்டு எழுதினாலும் ஒரே எண். பேஷ்! அழகப்பனில் மாட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் ழகரத்துக்கு 'இசட்-எச்', மயானத்தில் 'எல்' என்று எழுதினால் இரண்டு ஆசாமிகள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களை எங்கே போய்த் தேடுவது?

பதிவேட்டில் அகப்படாதவரை 'உயிரோடு இருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டால், அந்த அழகப்பன் கணக்கில் நூற்றிருபது வயதிலும் சௌக்கியமாக இருப்பார். சிகிச்சையும் பிரமாதமாகத் தெரியும். அடுத்த நோயாளிக்கு டாக்டர் சொல்லும் 'நூற்றுக்கு இத்தனை பேர் பிழைக்கிறார்கள்' என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அவசரப்பட்டுப் பொருத்தினாலோ, வேறொரு கே. முருகனுடைய மரணத்தை இவர் தலையில் கட்டிவிடுவோம்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1980-களிலிருந்து நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில், மாநகராட்சி மரணப் பதிவுகளோடு பெயர்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். நம் ஊரில் அதோடு மட்டும் முடிவதில்லை. கடிதம், போன், கடைசியில் ஆளே வீடு தேடிப் போகிறார். கதவைத் திறக்கும் அம்மாளிடம், 'சார் இருக்காரா?' என்று எந்தக் குரலில் கேட்பார், யோசித்துப் பாருங்கள்.