நம்பியதைக் கைவிடவும் கற்பிக்க வேண்டும்

இணையத்தைப் படித்துத் தானாகவே அறிவைச் சேர்க்கும் நிரல்களை எழுதுவது என் வேலை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை முதலில் படிக்கச் சொல்வது 'நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னர்', சுருக்கமாக 'நெல்', என்ற அமைப்பைப் பற்றித்தான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செலின் குழு 2010 ஜனவரியில் அதை ஓடவிட்டது. இரவு பகல் பாராமல் வலைப்பக்கங்களைப் படித்துச் செய்திகளைப் பிரித்தெடுப்பதும், நேற்றைவிட இன்று நன்றாகப் படிக்கக் கற்பதும் அதற்கு இட்ட பணி.

தொடக்கத்தில் அதற்குக் கொடுத்தது கொஞ்சமே. நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர் என்று வகைகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகள். அந்தப் பெயர்களைச் சுற்றி வரும் சொற்கோவைகளை அது பொறுக்கும்; அவற்றைக் கொண்டு புதுப் பெயர்களைப் பிடிக்கும்; புதுப் பெயர்கள் மேலும் சொற்கோவைகளைக் காட்டும்.

ஆபத்தும் இந்தச் சுற்றில்தான். தமிழில் பார்ப்போம். 'மதுரை போன்ற நகரங்கள்' என்ற அமைப்பைக் கற்ற நிரல், 'தாமரை போன்ற மலர்கள்' என்று படித்ததும் தாமரையை மலர்களில் சேர்க்கும். சரிதான். அடுத்த பக்கத்தில் 'தாமரை போன்ற பாதங்கள்' வரும். அதே விதிப்படி தாமரை உடலுறுப்பாகிவிடும். பிறகு 'குளத்தில் பூத்த' என்பது உறுப்பின் அடையாளமாகி, அல்லியும் பின்னாலேயே வந்து சேரும். நெல்லுக்கும் இது நேர்ந்தது. உலாவியின் 'குக்கி'யைத் தின்பண்டம் என்று எடுத்துக்கொண்டு, கணினிக் கோப்புகளையும் பேக்கரிப் பண்டங்களோடு சேர்த்தது.

மிட்செல் குழு இதற்குக் கண்ட வழி, பல கற்றல்களை ஒன்றுக்கொன்று காவலாக நிறுத்துவது. மலர் உறுப்பாக முடியாது என்று முன்பே சொல்லிவைத்தால், தாமரை மலரென்று உறுதியானதும் பாதம் அடிபட்டுப்போகும். ஒரு பகுதி வாக்கிய அமைப்பைப் பார்க்கும். இன்னொன்று பக்கங்களிலுள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்க்கும். வேறொன்று பெயரின் வடிவத்தைப் பார்க்கும். தமிழில் '-புரம்', '-பட்டி' என்று முடிவது ஊராக இருக்கலாம் அல்லவா, அதுபோல. தனித்தனியே பார்த்தவை ஒத்துப்போனால்தான் ஒரு செய்தியின் மேல் நம்பிக்கை கூடும். இவ்வளவு காவலிருந்தும், 67 நாள் ஓட்டத்தில் சேர்ந்த 2,42,453 செய்திகளில் 74 விழுக்காடே சரி என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நான்கில் ஒன்று தவறு. பிறகு மனிதர்களும் இடையிடையே உட்கார்ந்து திருத்தினார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்தச் செய்தியைச் சேமித்தாலும், அது எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்தில், எந்த விதியால் கிடைத்தது என்பதையும் கூடவே சேமிக்கிறேன். நாளை அந்த விதி தவறென்று தெரிந்தால், அதை நம்பி உள்ளே வந்த அத்தனையையும் தேடி எடுத்து நீக்க முடிய வேண்டும். சேமிப்பு பெருகும், வேகம் குறையும், பரவாயில்லை. இயந்திரம் சொன்னதை உண்மையென்று எடுத்துக்கொண்டு பாடம் எழுதும் மாணவருக்கு, அந்தத் தாமதத்தால் ஒரு நட்டமும் இல்லை. பிழை நட்டம். ஓயாமல் படிக்கும் நிரலை எழுதுகிறவர், சேர்க்கும் வழியை எழுதும் நாளிலேயே நீக்கும் வழியையும் எழுதிவிட வேண்டும்.