சைக்கிளைச் சுமந்து ஏறும் குன்று

சைக்கிளை நாம் எதற்காக வாங்குகிறோம்? அது நம்மைச் சுமக்கட்டும் என்பதற்காக. சைக்கிளை மனிதர் தோளில் சுமந்துகொண்டு மேடு ஏறி ஓடுகின்ற ஒரு விளையாட்டும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? அதுவும் மழைக்காலம் பார்த்து, சேறு உள்ள இடம் பார்த்து!

இதற்கு 'சைக்ளோகுரோஸ்' என்று பெயர். பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸ் மாநிலத்தார் தமது மொழியில் 'வெல்ட்ரைடன்' என்பார்கள். வயல்வெளியில் ஓட்டுதல் என்பதே அதன் பொருள். இந்த விளையாட்டின் தாய்வீடு என்று சொல்லத்தக்க அந்த மாநிலத்துக்கு உங்களை அழைத்துச் செல்லவே இக்கட்டுரை. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகின்றவர்களுக்கு அது தூரமான இடமல்ல. லண்டனிலிருந்து கடலடிச் சுரங்க ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பிரஸ்ஸல்ஸ் வந்துவிடும்.

கொப்பன்பேர்க் குன்று

நாம் போகவேண்டிய ஊர் அவுடனார்டே. ஷெல்ட் நதிக்கரையில் அமைந்த பழைய நகரம். ஒரு காலத்தில் சுவரில் தொங்கவிடும் சித்திரக் கம்பளங்களை நெய்வதற்குப் பேர்போனது. பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய நகர மண்டபம், கல்லிலே பின்னல் வேலை செய்தாற்போல் இன்றும் சதுக்கத்தில் நிற்கிறது. அதே ஊரில் சைக்கிள் பந்தயத்துக்கென்றே ஒரு நூதனசாலையும் உண்டு.

நகரத்திலிருந்து சில கிலோ மீற்றர் தெற்கே போனால் மெல்டன் என்ற கிராமம். அங்கேதான் கொப்பன்பேர்க் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 77 மீற்றர்தான் உயரம். நமது மலைநாட்டாருக்கு அது ஒரு மேடாகவே தோன்றாது. ஆனால் 600 மீற்றர் நீளமுள்ள அந்த ஒடுங்கிய பாதை, ஓரிடத்தில் 100 மீற்றருக்கு 22 மீற்றர் என்ற கணக்கில் செங்குத்தாக எழும்புகிறது. பாதை முழுவதும் உருண்டைக் கற்கள் பாவியிருக்கின்றன. அந்தக் கற்களை ஊரார் 'சிறுபிள்ளைத் தலைகள்' என்று அழைக்கிறார்கள். மழை நனைத்துவிட்டால் அவை சவர்க்காரம் பூசியவை போலாகிவிடும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்து தடவை வென்ற எடி மெர்க்ஸ் கூட 1970களில் இந்தக் குன்றில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான்.

வருடந்தோறும் நவம்பர் முதலாந் திகதி, நாடே விடுமுறையில் இருக்கும் நாளில், இந்தக் குன்றில் சைக்ளோகுரோஸ் நடைபெறும். கற்பாதையில் கொஞ்சத் தூரம் ஏறி, பிறகு பசு மேயும் புல்வெளிக்குள் திரும்பிவிடுவார்கள். மண்ணோ பசைபோன்ற களிமண். முதலாவது சுற்றில் புல்லாக இருந்த இடம் மூன்றாவது சுற்றில் வெறும் சேறாகிவிடும். குடும்பம் குடும்பமாக, தாத்தாவும் பேரப்பிள்ளையும் றப்பர் சப்பாத்து அணிந்துகொண்டு, கையில் பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தோடு கயிற்றோரம் நிற்பார்கள். ஒரு சுற்று மூன்று கிலோ மீற்றர் அளவுதான். ஆகவே ஓட்டக்காரர் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப உங்கள் முன்னால் வருவார்கள்.

எல்லா ஊரிலும் இதே சேறு இருக்குமென்று எண்ணவேண்டாம். கடற்கரையோரத்துக் கொக்ஸைட என்னும் ஊரில் மணற்குன்றுகளுக்குள் ஓடுவார்கள். உலகப் போட்டியும் 2012இல் அங்கே நடந்தது. நமூர் நகரத்தில் பழைய கோட்டை நிற்கும் மலைச்சரிவே மைதானம்.

இறங்குவதும் ஆட்டத்தின் பங்கு

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது? 1900ஆம் ஆண்டையொட்டி, தானியேல் குசோ என்ற பிரெஞ்சுப் படைவீரர், குதிரையில் போகும் நண்பர்களோடு தானும் சைக்கிளில் காட்டுவழியே போய்ப் பார்த்தார். அதிலிருந்து தொடங்கியது என்று சொல்வார்கள். பிரான்சின் முதலாவது தேசியப் போட்டி 1902இல் நடந்தது. குளிர்காலத்தில் தெருப் பந்தயங்கள் இல்லாத மாதங்களில் உடலைச் சூடாக வைத்திருக்க ஓட்டக்காரர்கள் இதைக் கைக்கொண்டார்கள். முதலாவது உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தபோது வென்றவர் ஜோன் ரொபிக். 1947இல் டூர் டி பிரான்ஸை வென்றவரும் அவரே.

இதற்கென்று தனிச் சைக்கிள் அன்று கிடையாது. தெருவில் ஓடிய பழைய சைக்கிளுக்கே பல்லுள்ள டயரைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறக்கினார்கள். பெரிய போட்டியில் டயரின் அகலம் 33 மில்லி மீற்றரைத் தாண்டக்கூடாது என்பது இன்றைய விதி. வழியில் 40 சென்ரி மீற்றர் உயரம் வரையில் குறுக்குப் பலகைகள் வைப்பார்கள். படிக்கட்டும் வரும். அங்கெல்லாம் இறங்கத்தான் வேண்டும். மற்றச் சைக்கிள் பந்தயங்களில் இறங்கி நடப்பவரைப் பார்த்து, "பாவம், முடியவில்லை" என்பார்கள். இங்கேயோ அழகாக இறங்கி அழகாக ஏறத் தெரிந்தவரே கெட்டிக்காரர்.

பழைய சைக்கிளோடு போனால்...

பெரிய போட்டியைப் பார்த்துவிட்டு, நமக்கும் இது முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஐரோப்பிய நாடுகளில் உள்ளூர்க் கழகங்கள் வார இறுதிகளில் நடத்தும் சிறிய போட்டிகளில் புதியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கொட்டிலில் கிடக்கும் பழைய மலைச் சைக்கிளோடு வந்தாலும் பெரும்பாலும் மறுப்பதில்லை. வயல் வரம்பிலே சுரிக்குள் சைக்கிளை உருட்டிப் பழகிய நமது கிழக்கிலங்கைச் சகோதரிகளுக்கு இதில் பாதிப் பாடம் ஏற்கனவே தெரியும்!

முதலில் சைக்கிளைத் தயார் செய்யவேண்டும். மட்கார்டைக் கழற்றிவிடுங்கள், அதற்கும் டயருக்கும் இடையில் சேறு அடைத்துக்கொண்டால் சில்லு சுற்றாது. ஸ்டாண்ட், கரியர், கூடை, தண்ணீர்ப் போத்தல் மாட்டும் கம்பி எல்லாம் வேண்டாம். தூக்கும்போது அவைதான் கையில் இடிக்கும். பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஹேண்டில் குழாயின் முனைகளில் மூடி இருக்கவேண்டும். விழும்போது திறந்த குழாய் வயிற்றில் குத்தினால் ஆபத்து.

அடுத்தது காற்று. சாதாரணத் தெருவில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அடிப்பவர்கள், இங்கே 30 அளவுக்கு இறக்குவார்கள். டயர் சற்றுத் தளர்ந்திருந்தால்தான் அது நிலத்தோடு ஒட்டிப் பிடிக்கும். அதற்குக் கீழே வெகுவாக இறக்கினால், கல்லில் இடிபடும்போது ரியூப் நசுங்கி ஒட்டையாகிவிடும்.

பெண்களுக்கென்று செய்யும் சைக்கிளில் மேற்குழாய் தாழ்வாக இருக்கும் அல்லவா? ஏறி இறங்க அது மிக வசதி. தோளில் மாட்டத்தான் இடமிருக்காது. அப்படிப்பட்ட சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டே போகவேண்டியதுதான். மேற்குழாய் உள்ள சைக்கிளென்றால் இடது பக்கமாக இறங்கி, குழாயைப் பிடித்துத் தூக்கி, வலது தோளில் வைத்துக்கொள்வார்கள். பற்சில்லும் செயினும் மறுபக்கத்தில் இருப்பதால் உடையில் எண்ணெய் படாது. உடை எதுவானாலும் கணுக்காலில் தொங்காதிருக்கட்டும். முழுக்கையும் நீளக் காற்சட்டையும் கையுறையும் அணிவதைப் பார்த்து எவரும் வியக்கமாட்டார்கள். நவம்பர்க் குளிரில் பலருடைய கோலமும் அதுதானே!

ஓட்டம் தொடங்கியதும் எல்லோரும் முந்திக்கொண்டு பாய்வார்கள். புதியவர் கடைசி வரிசையில் நின்று, வழி விட்டுப் போவதே நல்லது. முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கும். சேற்றில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் சறுக்கும். இலேசாகப் பிடித்து, பார்வையைச் சில்லில் வைக்காமல் போகவேண்டிய இடத்தில் வைத்தால் அது தானே வழி கண்டுகொள்ளும். பலகைக்கு ஐந்தாறு மீற்றர் முன்பே இறங்கிவிடுங்கள். மறுபக்கம் போனதும் பாய்ந்து ஏறவேண்டும் என்றில்லை. நின்று, காலைத் தூக்கிப்போட்டு, ஆறுதலாக ஏறலாம். விழுந்தாலும் சேறு மெத்தை மாதிரி. பார்ப்பவர்கள் கைதட்டுவது முதலில் வருபவருக்கு மட்டுமல்ல. கடைசியில் தள்ளிக்கொண்டு வருபவருக்கும் அதே கைதட்டல் கிடைக்கும்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. இந்த ஓட்டத்துக்கு அளவு தூரமல்ல, நேரம். உலகத்தரப் போட்டி ஆண்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் பெண்களுக்கு ஏறத்தாழ 50 நிமிடமும் நடக்கும். அங்கே மிகவும் பின்தங்கியவரை நிறுத்திவிடுவார்கள். உள்ளூர்ப் போட்டியில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. முதல்வர் எட்டுச் சுற்று ஓடியிருக்க, நீங்கள் ஐந்து சுற்றுத்தான் ஓடியிருக்கலாம். அவர் முடித்ததும் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றோடு உங்கள் ஓட்டமும் முடிந்தது. இருட்டும்வரை தனியே ஓடவேண்டிய நிலை யாருக்கும் இல்லை. பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும்.

ஐம்பது வருடம் காத்திருந்தவர்கள்

நடப்பதையும் விழுவதையும் இவ்வளவு பெருமனதோடு ஏற்றுக்கொண்ட விளையாட்டு, பெண்களை மட்டும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆண்களின் உலகப் போட்டி 1950இல் தொடங்கியது என்றோம். பெண்களுக்கு முதலாவது உலகப் போட்டி எப்போது நடந்தது தெரியுமா? 2000ஆம் ஆண்டில்! சரியாக ஐம்பது வருடம். ஒல்லாந்தில் நடந்த அந்தப் போட்டியில் ஜேர்மனியின் ஹங்கா குப்பர்நாகல் முதலாவதாக வந்தார்.

அந்த ஐம்பது வருடமும் பெண்களுக்குச் சேற்றில் ஓடப் பலமில்லாமலா இருந்தது? கதவு திறந்த பின்பு நடந்ததைப் பாருங்கள். ஒல்லாந்தின் மரியானா வோஸ் 2006இல் தமது 18ஆவது வயதில் உலகப் பட்டம் வென்றார். 2009 முதல் 2014 வரை ஆறு வருடம் தொடர்ந்து வென்றார். பிறகு 2022இல் எட்டாவது தடவையாகவும் வென்றார். பெல்ஜியத்தின் சன்னா கான்ட் 2017, 2018, 2019 ஆகிய மூன்று வருடமும் பட்டத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

பரிசுப் பணத்திலும் நீண்ட காலம் பாரபட்சம் இருந்தது. அதே சேறு, அதே மேடு. பெண்ணுக்கு மட்டும் குறைந்த தொகை. பிரித்தானிய வீராங்கனை ஹெலன் வைமன் போன்றவர்கள் இதை விடாது எடுத்துப் பேசினார்கள். நாம் பார்த்த கொப்பன்பேர்க்கிலே 2014இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை வைத்தார்கள். 17, 18 வயதுப் பெண்பிள்ளைகளுக்கென்று தனி உலகப் போட்டி 2020இல்தான் ஆரம்பமானது. அதற்கு முன்பு அந்த வயதுப் பிள்ளைகள் வளர்ந்த பெண்களோடு மோதவேண்டியிருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை.

கொப்பன்பேர்க்கைப் பற்றி எழுதும்போது ஜொலின் வெர்ஷூரன் என்ற பெண்ணை விட்டுவிட முடியாது. 1990இல் பிறந்த பெல்ஜியப் பெண். தொழில் பள்ளிக்கூட ஆசிரியை. வாரநாளில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வார இறுதியில் போட்டிக்கு வந்தவர், முழுநேர வீராங்கனைகளை முந்திக்கொண்டு 2015இலும் 2016இலும் இந்தக் குன்றில் முதலிடம் பெற்றார். 2018இல் அவருடைய மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. 2021 ஜூலையில், 31ஆவது வயதில் அவர் காலமானார். பரிசும் வாய்ப்பும் இப்போதுதான் பெண்களுக்கு ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலத்தில், வேறு தொழிலும் பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஏறி வந்தவர் அவர்.

போக விரும்புவோருக்கு

போட்டிக் காலம் செப்டெம்பர் தொடங்கி பெப்ரவரி வரை. கொப்பன்பேர்க்குக்கு நவம்பர் முதலாந் திகதி போகலாம். கெண்ட் நகரத்திலிருந்து அவுடனார்டேக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். றப்பர் சப்பாத்தும் மழைச்சட்டையும் கட்டாயம். மாலை ஐந்தேகால் அளவில் பொழுது சாய்ந்துவிடும். காலையிலேயே போய், பெண்களின் போட்டியை முதலில் பாருங்கள். ஆண்களின் போட்டி அதற்குப் பின்னர்தான் நடக்கும்.

பிள்ளைகளோடு போகின்றவர்கள் கற்பாதையின் ஓரத்தில் நிற்காமல் புல்வெளி மேட்டுப்பக்கம் நின்றால் நல்லது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சேறாக, கண் மட்டும் தெரிய, பெண்கள் வரிசையாக ஏறி வருவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.