திண்ணைக்கும் சேர்த்தா வாடகை?

கும்பகோணம்
ஆனி மாசம்

அடியே,

கோயம்புத்தூர்ல உன் ஆரி ஒர்க் கடைக்கு இடம் பார்த்தாச்சு, அட்வான்ஸ் கொடுக்கிறதுதான் பாக்கின்னு எழுதியிருக்கே. கொடுத்துடாதே, இரு. என் நாத்தனார் வீட்டுல நடந்த கூத்தை முதல்ல கேளு.

பெரிய தெருவுல அவ மாமனார் காலத்து வீடு ஞாபகம் இருக்கா? முன்கட்டுல பாத்திரக்கடை. நாம பாவாடை சட்டை போட்ட நாள்லேர்ந்து அதே ஆள்தான். 1960-ம் வருஷத்து வாடகைச் சட்டத்தைக் குடையாப் பிடிச்சுக்கிட்டு, வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்படற மாதிரி ஒரு வாடகை கொடுத்துட்டிருந்தார். அதுல பாதிக் கடையை மொபைல் கவர் விக்கிற பையனுக்கு உள்வாடகைக்கு விட்டு, தான் கொடுக்கிறதைப் போல மூணு மடங்கு வாங்கிட்டிருந்திருக்கார்! பையன் ஒருநாள் வாய்தவறி இவகிட்டயே உளறிட்டான். அன்னிக்கு ராத்திரி என் நாத்தனார் சாப்பிடலை.

பெரியவருக்குத் தெரியாதது, அந்தக் குடை எப்பவோ கிழிஞ்சாச்சுங்கிறது. 2017-ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லேர்ந்து நடப்புக்கு வந்துடுச்சு. இப்ப வாடகைன்னா எழுத்துல ஒப்பந்தம் வேணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும். பழைய குடித்தனக்காரருக்கும் இதே கதைதான். ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம உள்வாடகைக்கு விட்டா, காலி பண்ணச் சொல்ல அது ஒண்ணே போதும். வக்கீல் நோட்டீஸ் போனதும் கேஸுன்னு இழுக்காம கிளம்பிட்டார். போறப்ப, அந்தக் காலத்துல தான் கொடுத்த பகடிப் பணத்தைக் கேட்டுப் பார்த்தார். அதுக்கு ஒரு துண்டுச்சீட்டு கூடக் கிடையாது. எனக்குக் கொஞ்சம் பாவமாத்தான் இருந்தது. நாத்தனார் காதுக்குப் போயிடப் போகுது!

இப்ப வந்திருக்கா பாரு ஒருத்தி, காபிக்கொட்டை வறுத்து அரைச்சு விக்கிற கடை போட! சின்னப் பொண்ணுதான், ஆனா புரோக்கரையே தண்ணி குடிக்க வச்சுட்டா. அவன் 320 சதுர அடின்னு சொல்லி அடிக்கணக்குல ரேட் பேசினான். அவ கைப்பையிலேர்ந்து டேப்பை எடுத்து ஒரு முனையை அவன் கையிலேயே கொடுத்து, "அண்ணே, சுவத்தை ஒட்டிப் பிடிங்க"ன்னா. உள்ளளவு 240 தான் வருது! ஒன்றரை அடி கனச் சுவரையெல்லாம் சேர்த்து அளந்திருக்கான் மகராசன். "சுவத்துக்குள்ள நின்னா காபி அரைக்கப் போறேன்?"னு கேட்டா பாரு, என் நாத்தனாருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

மிஷினுக்கு த்ரீ ஃபேஸ் வேணும். லைன் இழுக்கிற செலவு அவளோடது, ஆனா ஈபி டெபாசிட் ரசீது ஓனர் பேர்ல வரும். காலி பண்றப்ப அந்தப் பணத்தைத் திருப்பித் தரணும்னு ஒரு வரி எழுத வச்சா. அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டாங்க. சட்டம் மூணு மாசம்னுதான் சொல்லுது, ஆனா 'வேற மாதிரி பேசிக்கிட்டா தவிர'ன்னு ஒரு சந்து வச்சிருக்கே. ஆறுல முடிஞ்சது.

பெரிய சண்டை நாள் கணக்குலதான். 2028 மாசியில மகாமகம். ஊரே நிரம்பி வழியறப்ப கடை தன் கையில இருக்கணும்னு நாத்தனாருக்கு ஆசை, அதனால அதுக்கு முன்னாடியே முடியற மாதிரி போடலாம்னா. அவளோ, அஞ்சு வருஷத்துக்குக் குறைஞ்சா மிஷினை இறக்கவே மாட்டேங்கிறா. கடைசியில அஞ்சு வருஷம், வருஷாவருஷம் அஞ்சு சதவீதம் ஏத்தம். மகாமக மாசம் மட்டும் வாசல் திண்ணை நாத்தனாருக்கு, அந்த மாசம் வாடகையில பாதி தள்ளுபடி! இப்படி ஒரு ஷரத்தை எந்த ஊர் பத்திரத்துலயாவது பார்த்திருக்கியா? ஆடி மாச வாடகையும் கிடையாது. ஆடியில எவ கடை திறப்பா? மராமத்துக்குன்னு சும்மாவே விட்டாச்சு.

உன் கதைக்கு வரேன். பதினோரு மாசம்னு டைப் அடிச்ச தாளை நீட்டுவாங்க. ஒரு வருஷத்துக்கு மேல போனா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும், செலவுன்னு பயந்துக்கிட்டுக் கையெழுத்து போடாதே. நீ கண்ணாடி, ஏசி, லைட்டுன்னு கொட்டி முடிச்சப்புறம் ஓனரோட மச்சினனுக்குக் கடை வேணும்னு வந்து நின்னா யாரைக் கேப்பே? நடுவுல காலி பண்ணக் கூடாதுன்னு உன்னைக் கட்டிப் போடற வரி, அவரையும் கட்டணும். அதை விட்டுட்டு வாடகையில ஆயிரம் குறைச்சேன்னு பெருமை பேசாதே.

நீ ஜிஎஸ்டி எடுத்திருக்கியா? எடுத்திருந்தா, ஓனர் எடுக்கலைன்னாலும் வாடகைக்கு 18 சதவீதத்தை நீயே கட்டணும், 2024 அக்டோபர் 10-லேர்ந்து அப்படித்தான். காம்போசிஷன்ல இருந்தா இல்லை. உன் ஆடிட்டரைக் கேட்டுக்கோ, என்னை நம்பாதே.

புரோக்கர் ரெண்டு பக்கமும் ஒரு மாச வாடகை கமிஷன் வாங்கிட்டான். அந்த டேப் விஷயத்துக்கப்புறம் அவளைக் கண்டா எதிர்ப்பக்கமா நடக்கறானாம். முத்திரைத்தாள்ல ஏத்தறதுக்கு முன்னாடி உன் அக்ரிமென்ட்டை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு. நாத்தனார்கிட்ட காட்டறேன், ஓனர் எங்கே ஒளிச்சு வச்சிருக்கார்னு அவளுக்குத்தான் சட்டுனு தெரியும்.

உன்
கும்பகோணத்துக்காரி