இரவல் சிரிப்பு

கல்யாண வீட்டில் யாரை வேண்டுமானாலும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். கோபித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவைக் காப்பி கொடுத்துச் சமாதானம் செய்யலாம். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று பறக்கும் நாதஸ்வரக்காரரைக் கெஞ்சி இன்னும் ஒரு கீர்த்தனை வாசிக்க வைத்துவிடலாம். ஆனால் நாலு வயதுக் குழந்தையைப் போட்டோவுக்கு நிற்க வைப்பது மட்டும் மனித யத்தனத்துக்கு அப்பாற்பட்ட காரியம்.

2019 தை மாதத்தில் கும்பகோணத்தில் என் அக்காவின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் எனக்குச் சீர் செய்வது ஒரு வேலை. மூத்தவளின் பையனைப் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. முறைப்படி அவனுக்கு நான் தாத்தா. தலை நரைக்கத் தொடங்கும் முன்பே தாத்தாவாகிவிட்ட சங்கடம் தனி.

போட்டோக்காரர் என் வயதுக்காரர். அவருடைய தகப்பனார் அந்த ஊரிலேயே ஸ்டூடியோ வைத்திருந்தவர். காலையில் வந்ததும் பையனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், நான் காமிராவைப் பார்த்துக்கறேன். இவனை நீங்க பார்த்துக்குங்க. எது கஷ்டம்னு சாயங்காலம் பேசிக்கலாம்."

அன்று அவரிடம் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. குழந்தையிடம் 'சிரி' என்று சொல்லவே கூடாது. சொன்னால் பல்லைக் காட்டும், சிரிக்காது. நின்றுகொண்டு எடுத்தால் தலைதான் பெரிதாக விழும்; தரையில் மண்டியிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போதே, பட்டுச் சட்டையின் ஜரிகை கழுத்தில் குத்தத் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். நாலு அத்தைகளும் மூன்று சித்திகளும் நாலு பக்கமிருந்து கை தட்டிக் கூப்பிட்டால் குழந்தை ஏழு திசையில் பார்க்குமே தவிர காமிராவைப் பார்க்காது. ஆகையால் முதல் காரியமாக உறவினர்களை அப்புறப்படுத்த வேண்டும். குழந்தை ஒரு விநாடி கூட நிலைத்து நிற்காது. விநாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்குள் காமிரா கண்ணைத் திறந்து மூடிவிட வேண்டும். அதையும் ஒன்றாக எடுக்காமல் பத்துப் பன்னிரண்டாகத் தொடர்ந்து எடுத்துத் தள்ள வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "தம்பி, இந்தக் கண்ணாடிக்குள்ளே ஒரு பல்லி இருக்கு. தெரியுதா பாரு."

பையன் குனிந்து பார்த்தான். பல்லி இல்லை என்று கண்டுபிடித்துவிட்ட வெற்றியில் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. எங்கள் கவலை தீர்ந்தது என்று நினைத்தோம்.

முகூர்த்தம் முடிந்து குடும்பமாக மேடையில் நின்று எடுக்கும் போட்டோவில்தான் வினை வந்தது. பையன் சித்தியின் கூறைப்புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அலறினான். பல்லி பலிக்கவில்லை. சாக்லெட் பலிக்கவில்லை. பன்னிரண்டு படம் எடுத்தார். பன்னிரண்டிலும் திறந்த வாய்.

போட்டோ என்ற வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட 1839-ஆம் ஆண்டிலிருந்தே குழந்தைகள் அதற்கு எதிர்க்கட்சிதான். அந்தக் காலத்தில் ஒரு படம் விழ நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தலையை நிறுத்தினார்கள். குழந்தைக்கு என்ன செய்வது? மேனாட்டில் தாயார் மேல் ஒரு துணியைப் போர்த்தி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். இன்றும் கிடைக்கிற அந்தப் படங்களைப் பார்த்தால் குழந்தை தெளிவாக இருக்கிறது. பின்னால் முகமில்லாத ஒரு துணிமூட்டை. குழந்தை அமைதியாக இருந்தது யாரால் என்பது மட்டும் படத்தில் இல்லை.

படத்தைத் திருத்துகிற கலையும் ஏறக்குறைய அதே வயதுதான். 1858-இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் ஐந்து நெகடிவ்களை ஒட்டி, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணும் அவளைச் சுற்றிக் குடும்பமும் இருக்கிற ஒரே படமாக அச்சிட்டார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்று அதற்குப் பெயர். நெகடிவை வெளிச்சத்துக்கு எதிரில் சாய்த்து வைத்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் சுருக்கங்களின் மேல் கோடு கோடாக இழைப்பார்கள். நெகடிவில் கருப்பானது படத்தில் வெளுப்பாகும். அறுபது வயது ஐம்பதாகும். நம் போட்டோக்காரரின் தகப்பனாருக்கு அந்த வேலையில் கண் போயிற்றாம். 1990-இல் போட்டோஷாப் வந்ததற்குப் பிறகு பென்சிலும் இல்லை, அத்தனை சிரமமும் இல்லை.

பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் குடும்பப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "காலையிலே பல்லியைப் பார்த்துச் சிரிச்சானே, அந்த முகத்தை எடுத்து இங்கே வச்சிடலாம் சார். என்ன சொல்றீங்க?"

நான் படத்தைப் பார்த்தேன். பையன் சித்தியை ஒட்டிக்கொண்டு அழுகிறான். ஒரு முழ தூரத்தில் அவனைப் பெற்றவள் நிற்கிறாள். அவள் கை பாதி நீண்டிருக்கிறது. பையனின் முதுகு அவள் பக்கம் இருக்கிறது.

பையன் பிறந்த பத்தாவது மாதம் மூத்தவள் சென்னையில் வேலைக்குத் திரும்பினாள். வீட்டுக் கடன், இரண்டு பேர் சம்பளம் இல்லாமல் நடக்காது. குழந்தை பாட்டியிடமும் சித்தியிடமும் வளர்ந்தது. அவள் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் படம் பேசிவிட்டது.

"மாத்திடுங்க" என்றேன்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காலை வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. மேடையில் இரண்டு பக்கமும் விளக்கு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினார். கழுத்தின் நிறத்தை இழைத்தார். மூத்தவளின் கையை வேறொரு படத்திலிருந்து எடுத்து இயல்பாகத் தொங்கவிட்டார். ஊரே மெச்சும்படி ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. நானும் மெச்சினேன். இருபது வருஷமாக நான் கதையில் செய்வதும் இதுதானே என்று ஒரு பெருமை கூட.

பங்குனியில் ஆல்பம் வந்தது. மூத்தவள் ஊருக்கு வந்திருந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வந்தவள் அந்தப் படத்தில் நின்றுவிட்டாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தாள். பையனின் முகத்தில் அல்ல, அவன் கையில். புடவைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்திருந்த அந்தச் சின்ன முஷ்டியை யாரும் மாற்றவில்லை.

"சிரிக்கிற குழந்தை இப்படியா பிடிச்சுக்கும், மாமா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் மனம் வருந்தக் கூடாதே என்றுதான் செய்தேன் என்றும் சொன்னேன்.

"நான் அங்கேதானே நின்னேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவன் அழுததை நான் பார்க்கலையா? நான் கூப்பிட்டு அவன் வரலைங்கறது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாமப் போகணும்னு நீங்க மாத்தலை. நீங்க எல்லாரும் பார்க்காம இருக்கணும்னு மாத்தியிருக்கீங்க."

அக்கா சமையல் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் துணிமூட்டைத் தாய்மார்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்காவது தாங்களே போர்த்திக்கொண்டோம் என்ற சமாதானம் உண்டு. இவளுக்கு நான் போர்த்திவிட்டேன்.

மறுநாள் போட்டோக்காரரிடம் போனேன். நல்லவேளை, திருத்தாத படங்களை அவர் அழித்திருக்கவில்லை. அழுகிற படத்தை ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். "எங்கப்பா எத்தனையோ சுருக்கத்தை அழிச்சிருக்கார் சார். சொந்த அம்மா படத்துலே மட்டும் பென்சில் வைக்கலை" என்றார்.

ஆனி மாதம் மூத்தவள் பையனைச் சென்னைக்கு அழைத்துப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அங்கே முதல் மாதம் முழுவதும் அவன் சித்தி சித்தி என்று அழுதானாம். அவளே போனில் சொன்னாள், மறைக்காமல்.

ஆல்பத்தில் சிரிக்கிற படம் அப்படியேதான் இருக்கிறது, வந்தவர்களுக்குக் காட்டுகிறோம். அழுகிற படம் சென்னையில் அவள் அலமாரிக்குள் இருக்கிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமே என்று ஒரு முறை கேட்டேன். "அது மாட்டறதுக்கு இல்லை மாமா, எடுத்துப் பார்க்கறதுக்கு" என்றாள்.