இறந்தும் முடியாதவர்கள்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்த விளையாட்டு. இறந்தும் அடங்காத உருவங்களுக்கென அதன் விதிநூல்களில் தனி வகையே உண்டு. தமிழில் அதை விளையாட விரும்பிய மாணவர் ஒருவர், அவற்றுக்குரிய சொற்களை வரையறுத்துத் தரும்படி கேட்டார்.

முதற்சிக்கல் ‘அன்டெட்’ என்னும் பொதுப்பெயரே. பிராம் ஸ்டோக்கர் தம் ‘டிராகுலா’வுக்கு (1897) முதலில் எண்ணியிருந்த தலைப்பும் அதுதான். ‘இறவாதவர்’ என்றால் நமக்குச் சித்தர்களே நினைவுக்கு வருவர். ‘பேய்’ என்றும் சொல்லிவிட முடியாது. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பசித்திருக்கின்றன, கூழ் அடுகின்றன. ஆனால் அவை எவருடைய பிணமும் அல்ல, காளியைச் சூழ்ந்த தனி இனம். பிணத்துள் புகுந்து பேசும் வேதாளம் ஓரளவு நெருங்கி வருகிறது.

விளையாட்டு, உடல் உண்டா, சித்தம் உண்டா என்ற இரு கேள்விகளால் இவற்றைப் பிரிக்கிறது. ‘ரெய்த்’துக்கு உடலில்லை, வன்மம் உண்டு. அதற்கு ‘அலகை’ பொருந்தும். ‘லிச்’ என்பது தன் உயிரைப் பேழையொன்றில் ஒளித்துவைத்துச் சாவை மறுத்த மந்திரவாதி. ஏழு கடலுக்கப்பால் கிளிக்குள் உயிரை வைத்தவனின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அவன் அந்நியனல்லன். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பிணம் என்பதே பொருள். அதற்கு மகுடம் சூட்டியது விளையாட்டு. வழக்கொழிந்த நம் சொற்களுக்கும் அவ்வாறு புதுவாழ்வு தரலாம்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது ‘ஸாம்பி’. விளையாட்டில் அது கடைநிலைப் பகை. வெட்டிச் சாய்த்துவிட்டு மேலே நடக்கலாம். ஆனால் அந்நம்பிக்கை வளர்ந்த மண் ஹெய்ட்டி. 1804இல் விடுதலை பெறுமுன் அது பிரெஞ்சுக் காலனி. அதன் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மாண்டனர். சாவு ஒன்றே விடுதலை என்றிருந்தவர்களுக்கு, பிணத்தையும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதைவிடப் பெரிய அச்சம் என்ன இருக்க முடியும்? அவர்கள் அஞ்சியது ஸாம்பி தம்மைக் கடிக்கும் என்பதையன்று; தாமே ஸாம்பி ஆவதை.

தமிழில் ‘நடைப்பிணம்’ என்று உயிரோடிருப்பவரையே சொல்கிறோம். வாழ்வு வற்றியபின்னும் நடமாட வேண்டியிருப்பவர் மீதான இரக்கம் அச்சொல்லில் இருக்கிறது. ஆகவே அதையே தேர்ந்தேன். வரையறையில், ‘உடலுண்டு, சித்தமில்லை’ என்பதோடு ‘பிறர் ஏவலுக்கு உழைப்பது; ஓய்வு மறுக்கப்பட்டது’ என்றும் சேர்த்தேன். விளையாடுவோர் அதை வெட்டத்தான் போகிறார்கள். வெட்டும்முன், இதை எழுப்பியவன் யார் என்று ஒருவரேனும் கேட்டால் போதும்.